கதம்பைக் குளமா, கரிமீன் குளமா

நான் கல்யாணமாகிப் போன வீட்டில் என்னிடம் கேள்வி கேட்காத ஒன்று உண்டென்றால் அது தோப்பின் தென்கோடியில் கிடந்த குளம்தான். மற்ற எல்லோரும் கேட்டார்கள். சோறு வெந்ததா, தேங்காய் துருவியாச்சா, ஆடு கட்டியாச்சா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு சட்டென்று வராது. நாலாம் வகுப்பு வரை படித்தேன். பாடத்தை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், எழுந்து நின்று சொல்லச் சொன்னால் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால் வேலை முடிந்த மத்தியானங்களில் குளத்தங்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அதுவும் சும்மா கிடக்கும், நானும் சும்மா இருப்பேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். முப்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். என் பிறந்த ஊர் கடியப்பட்டணம். அப்பாவுக்குக் கடல் தொழில். வாக்கப்பட்ட வீட்டுக்காரர்களும் கடற்கரை ஆட்கள்தான். மாமியின் ஊர் இனயம். மாமனார் கருவாட்டு வியாபாரத்தில் கொஞ்சம் காசு பார்த்ததும், கடல் சத்தம் கேட்காத தூரத்தில், நெய்யூருக்குப் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு வாங்கி வீடு கட்டிக் குடியேறிவிட்டார். அந்த வீட்டுக்கு மண் எடுத்த குழிதான் பிறகு மழை பெய்து பெய்து குளமாயிற்று. நான் போகும்போது மாமனார் இல்லை. மாமி, என் வீட்டுக்காரர், அவருடைய தங்கையான என் நாத்தூன், நான், நாலு பேர்தான் வீட்டில்.

மாமிக்கு ஒரு பொருள் சும்மா கிடந்தால் ஆகாது. ஓலை விழுந்தால் முடைய வேண்டும், சிரட்டை கிடந்தால் அகப்பை ஆக வேண்டும். அப்படியிருக்க, ஒரு குளம் சும்மா கிடக்குமா? ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

“அந்தக் கொளத்துல கதம்பை அழுகப் போடப் போறேன். நாரு அடிச்சா கயிறாச்சு. ரெண்டு பொம்பளைய வீட்டுல இருக்குதுவ, கையி சும்மாதானே கெடக்கு.”

கதம்பை என்றால் தேங்காயின் மட்டை. மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறி அழுகினால்தான் நார் பிரியும். அந்த நாற்றத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அறியாதவர்களுக்குச் சொன்னாலும் மூக்குக்கு எட்டாது. தண்ணீர் கறுத்துப் போகும். அதில் தவளைகூட நிற்காது. எனக்கு இருந்த ஒரே இடம் அது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் பிசைந்தபடியே சொல்லிவிட்டேன்.

“அதுல மீன் விடலாமே.”

எல்லார் கையும் நின்றுபோயிற்று. நாத்தூன்தான் முதலில் வாயைத் திறந்தாள். “அம்மோ, மைனி பேசுது!”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மீனா? ஏட்டி, கடல்ல மீனு தீந்து போச்சா? இனயத்துல பொறந்து, கடியப்பட்டணத்துல பெண்ணெடுத்து, நான் சேத்து மீனையா திங்கப் போறேன்?”

“விட்டுத்தான் பாப்போமே அம்மா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவ ஒரு வாட்டி வாயத் தொறந்தா, நீ ஒடனே தாளத்தப் போடு.”

ஆனாலும் மாமி நியாயஸ்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். எங்கள் வீட்டில் மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று ஒரு நேர்ச்சைச் சாப்பாடு உண்டு. மாமனார் ஒரு தடவை காற்றில் அகப்பட்டுக் கரை தவறி, மூன்றாம் நாள் உயிரோடு வந்ததற்கு மாமி நேர்ந்துகொண்டது. ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுவாள். ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம் ஆகையால் இறைச்சி கிடையாது, மீன்தான்.

“வாற திருநாளு போவட்டும். அதுக்கு அடுத்த வருசத் திருநாளுக்கு இந்தக் கொளத்து மீனு இலையில விழணும். விழுந்துதா, கொளம் ஒனக்கு. விழல்லியா, மறுநாளு கதம்பை வண்டி வாசல்ல நிக்கும். பின்ன மோறயத் தூக்கி வச்சிட்டு இருக்கப்பிடாது, கேட்டியா?”

கேட்டேன் என்று தலையை ஆட்டினேன். அன்றைய பேச்சு அன்றைக்குப் போதும்.

குளத்தில் ஏற்கெனவே விராலும் தேளியும் கிடந்தன. அவை இருக்கிற குளத்தில் குஞ்சு விட்டால் விட்ட அன்றைக்கே விருந்து முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் தக்கலைச் சந்தையிலிருந்து ஒரு சாக்கு இலுப்பைப் புண்ணாக்கு வாங்கி வந்தார். கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது அதை இடித்து ஊற வைத்துத் தெளித்தால், மீனெல்லாம் மூச்சுமுட்டி மேலே வந்துவிடும். அந்த நஞ்சு மீனுக்குத்தான், தின்கிற ஆளுக்கு ஒன்றும் செய்யாது; மூன்று நாலு வாரத்தில் தானே அடங்கும். பிறகு அதுவே குளத்துக்கு உரமாகிவிடும். அப்படியே நடந்தது. பழைய மீனெல்லாம் மிதந்தது. ஒளிந்திருந்த ஒரு விரால், மாமியின் காலடியில் வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“பாத்தியாலே, தலைக்குத் தேய்க்கிற சாதனத்துக்க வீரியத்த!” என்று மாமியே மகனிடம் ஆச்சரியப்பட்டாள்.

அது உண்மை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எண்ணெய் தேய்த்தால், பிசுக்குப் போக இலுப்பைப் புண்ணாக்கைத்தான் தேய்த்துக் குளிப்போம். நன்றாக நுரைக்கும். சாக்கில் பாதி மிச்சம் இருந்தது. மாமி அதை வீணாக்குவாளா? வாயைக் கட்டிப் பரணில் ஏற்றினாள். அதன்பிறகு அவள் தலை குளிக்கிற ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து ஒரு கட்டி இறங்கும். குளிப்பது கிணற்றடியில், தண்ணீர் வாழைக்குப் போய்விடும். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மீன்குஞ்சுக்கு அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். கடியப்பட்டணத்தில் ஆறு கடலில் விழுகிற பொழியில் கரிமீன் உண்டு. உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடம் அது. ஆவணி மாதம் ஒரு காலையில் அப்பா தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் மண்பானை தொங்க, வந்து சேர்ந்தார். வழியில் நிழல் கண்ட இடமெல்லாம் பானையை இறக்கிவைத்துக் கையால் தண்ணீரை அளைந்து அளைந்து விட்டுத்தான் வந்திருக்கிறார். அளையாவிட்டால் குஞ்சு மூச்சுத் திணறிச் செத்துவிடுமாம். முழங்கை வரை தோல் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

“நாப்பது வருசமா மீனக் கொல்லத்தான் நடந்திருக்கேன்,” என்றார் அப்பா. “சாவாம இருக்கணுமேன்னு நடந்தது இன்னிக்குத்தான் மக்கா.”

அதற்குப் பிறகுதான் குஞ்சுகளுக்கு நாம் தீனி போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அதைச் சொன்னதும் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

“என்னது? மீனுக்கு நாம சோறு போடணுமா? மீனுதானே நமக்குச் சோறு போடணும்? ஒனக்க புத்திக்கு என்ன ஆச்சு?”

மாமி சமையற்கட்டிலிருந்து சத்தம் கொடுத்தாள். “நல்லாக் கேளும்! ஆட்டுக்குக் கொழ, மாட்டுக்கு வைக்கல், மீனுக்குப் புண்ணாக்கு. நாளைக்கு அதுக்குத் தொட்டிலும் கெட்டணும்.”

ஆனால் குஞ்சு விடுவதில் அப்பா அவசரப்படவில்லை. பானையைக் குளத்துக்குள் மிதக்க வைத்து, குளத்துத் தண்ணீரைக் கைக்கை அளவாகப் பானைக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது, அவர் எழுந்திருக்கவில்லை.

“உப்பு வெள்ளத்துல கெடந்ததாக்கும். கொஞ்சங் கொஞ்சமாப் பழகட்டும்,” என்றவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “ஒன்னக் கொண்டு இந்த வீட்டுல விட்டமாதிரி ஒரேயடியா விடப்பிடாது.”

பானைக்குள் கையை விட்டு நானும் அளைந்துகொண்டிருந்தேன்.

பானையைச் சரித்ததும் குஞ்சுகள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு ஒன்று போயிற்று, எல்லாம் போயின. அதோடு ஒரு மாதத்துக்குக் கண்ணிலேயே படவில்லை. நாத்தூன் தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். “மைனி, ஒங்க பிள்ளைய எங்க? பள்ளிக்கூடம் போயிருக்கா?”

மீன் வளர்ப்பது என்றால் பாதி, காணாத ஒன்றுக்குத் தீனி போடுவதுதான். காலையில் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிசைந்து, ஓட்டைச் சட்டியில் வைத்துக் கயிறு கட்டிக் குளத்தில் இறக்குவேன். மறுநாள் தூக்கிப் பார்ப்பேன். காலியாக இருந்தால் மீன் இருக்கிறது. மிச்சம் இருந்தால் அன்றைக்குக் குறைக்க வேண்டும். தின்னாத தீனி கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடும். பச்சைச் சாணத்தைக் கரைத்து மூலையில் ஊற்றினால் தண்ணீர் பாசி நிறமாகும், அதுவும் கரிமீனுக்குச் சாப்பாடு. மீன்கொத்திக்குப் பயந்து ஒளிய நாலைந்து தென்னை மட்டைகளை ஓலையோடு போட்டு வைத்தேன். ஐப்பசி மழையில் குளம் நிறைந்து வழிந்தபோது, வழிகிற வாய்க்காலில் அப்பாவின் கிழிந்த வலையை நாலாக மடித்துக் கட்டினோம். மழையில் நனைந்துகொண்டு நாத்தூன் ஒரு முனையைப் பிடிக்க, நான் ஒரு முனையைப் பிடிக்க, என் வீட்டுக்காரர் கம்பு அடித்தார். மாமி வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்று, “கடல்ல வல போட்டா மீனு உள்ள வரும். இதுவ மீனு வெளிய போவாம இருக்க வல போடுதுவ,” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

தை மாதம் வாக்கில் ஒரு மத்தியானம், தீனிச் சட்டியின் விளிம்பில் அகப்பையால் தட்டிவிட்டு இறக்கினேன். தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் கிளம்பின. மறுநாளும் தட்டினேன். அன்றைக்கு அவை சட்டி இறங்குமுன்பே வந்து நின்றன. பச்சை கலந்த கறுப்பு உடம்பு, அதில் முத்துமுத்தாகப் புள்ளி. நான் தட்டினால் வருகிறவை! வீட்டில் நான் சத்தமாய்க் கூப்பிட்டு யாரும் வந்தது கிடையாது. அப்படிக் கூப்பிட எனக்குத் தெரியவும் தெரியாது.

அந்த வருடத் திருநாள் போயிற்று. கோடை போயிற்று. அடுத்த மழையும் வந்து போயிற்று. கரிமீன் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. அது மட்டுமில்லை, குளத்திலேயே ஒரு ஜோடி முட்டை வைத்தது. தென்னை மட்டையின் அடியில் மணிமணியாய் ஒட்டி வைத்துவிட்டு, இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றன. குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் அவற்றை நடுவே விட்டு மேய்த்துக்கொண்டு போகும். மாமிக்கு அதைக் காட்டினேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“தகப்பனும் கூடவே நிக்குதா?”

“ஆமா மாமி.”

“கொள்ளாமே. ஆம்பளையளுக்குக் காட்டணும் இத.”

அதற்குப்பிறகு குளத்தில் நீர்க்காக்கை வந்து இறங்கினால் முதல் கல் மாமியின் கல்லாகத்தான் இருக்கும். “என் கொளத்துல ஒனக்கு என்ன சோலி?” என்று கத்துவாள். என் கொளம் என்றுதான் சொல்லுவாள். கதம்பை போடுகிற எண்ணம் போய்விட்டதா இல்லையா என்பதை மட்டும் சொல்லமாட்டாள். பிப்ரவரியிலேயே கதம்பை வண்டிக்காரனிடம் சொல்லி வைத்துவிட்டாள் என்று நாத்தூன் என் காதில் சொன்னாள். திருநாளுக்கு மறுநாள் அவன் வருவானாம். மாமி ஒரு கையால் நீர்க்காக்கையை விரட்டுவாள், மறு கையால் வண்டியைப் பேசுவாள். அதுதான் மாமி.

அப்படி அந்த மார்ச் மாதம் வந்தது.

திருநாளுக்கு முந்தின நாளே இனயத்திலிருந்து மாமியின் அக்கா தங்கைமார், மதினிமார், அவர்கள் மகள்மார் என்று ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சமையலுக்கு ஆள் வேண்டுமே. கோவிலிலிருந்து சோறு வடிக்கிற பெரிய வார்ப்புகள் இரண்டு வந்தன. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிது. அப்பா மறுநாள் விடியற்காலம் வீச்சுவலையோடு வந்து மீன் பிடித்துத் தருவதாக ஏற்பாடு. நான் முற்றத்தில் மல்லி வறுத்து இடித்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஒரே கணக்கு. இலைக்கு ஒரு துண்டாவது விழ வேண்டும்.

நேர்ச்சைச் சமையலில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் கை வைக்கிறவர்கள் எண்ணெய் தேய்த்துத் தலை குளித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அத்தனை பெண்களும் கிணற்றடியில் நின்றால் கிணறு தாங்குமா? கோடைக் கிணறு. நாளைக்குச் சமைக்கவும் குடிக்கவும் வேண்டும். மாமி யோசித்தாள். யோசித்துச் சொன்னாள்.

“எல்லாரும் கொளத்துக்குப் போங்க. வெள்ளம் இடுப்புக்குக் கீழதான், பயப்படாண்டாம்.” சொன்னவள் பரணில் ஏறிச் சாக்கை அவிழ்த்து, ஆளுக்கு ஒரு கட்டியும் தனக்கு ஒரு பெரிய கட்டியுமாக எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இதில் மாமியை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தச் சாக்கு எதற்கு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், நாத்தூனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் என் முன்னால்தான் கட்டியும் கையுமாய்ப் போனார்கள். மீனுக்கான புண்ணாக்கு ஒன்று, தலைக்கான புண்ணாக்கு வேறொன்று என்று எல்லோர் புத்தியிலும் தனித்தனியாக இருந்தது. ஒரே சாக்கு என்பது ஒருவருக்கும் ஓடவில்லை.

மல்லி இடித்து முடித்ததும் சாயந்தரத் தீனிச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். குளம் முழுக்க ஒரே கும்மாளம். வரிசையாய் நின்று ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்க்கிறாள். தலையெல்லாம் நுரை. குளத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாய் நுரை. மாமியின் அக்கா கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்து ஒரு பழைய ஜெபத்தைப் பாட்டாய்ப் பாடிக்கொண்டிருந்தாள். நான் சட்டியின் விளிம்பில் தட்டினேன்.

மீன் வந்தது. ஆனால் நிமிர்ந்து வரவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வாய் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடியபடி வந்தது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும். காற்றில் ஒரு வாசனை அடித்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். விரால் மிதந்த நாளின் வாசனை.

அப்போது நான் போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

“எல்லாரும் கரைக்குக் கேறுங்கோ!”

பாட்டு நின்றது. மாமியின் அக்கா நுரையும் தானுமாய் எழுந்து நின்றாள். “யாரட்டீ அது? பாம்பா?”

“இந்தக் குட்டி ஊமைன்னுல்லா சொன்னாவ?” என்றாள் ஒரு மதினி.

மாமி தலையில் கை வைத்தபடி முறைத்தாள். “என்னட்டீ கூப்பாடு? பெரியம்மய கேறுன்னு சொல்லுதியே, மரியாத வேண்டாமா?”

மாமியின் கையைக் காட்டினேன். “புண்ணாக்கு மாமி” என்றேன். அவ்வளவுதான்.

மாமி கையில் இருந்த கட்டியைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். காலடியில் ஒரு கரிமீன், அந்தப் பழைய விரால் மாதிரியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மாமியின் முகம் போன போக்கை நான் வார்த்தையில் எழுத மாட்டேன். எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவள் நின்று அழுகிற ஆள் இல்லை. கட்டியை வீசிவிட்டு முண்டை வரிந்து கட்டினாள்.

“கையில கிட்டுனத அள்ளுங்கட்டி! பெரியத கூடையில போடு, செறியத சாவ விடப்பிடாது!”

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவர்களெல்லாம் கடற்கரையில் பிறந்தவர்கள். மீனைக் கண்டதும் வயது போய்விட்டது, நேர்ச்சை போய்விட்டது. தலையில் நுரை வழிய, கண் எரிய, ஆளுக்கொரு பக்கம் சாடி விழுந்து அள்ளினார்கள். “இந்தப் பக்கம் வருது, விடாத!” “எனக்க முண்டுக்குள்ள கேறிப் போச்சு!” “அதுக்கு ஒன்னப் பிடிச்சிருக்கு போல!” என்று ஒரே கூத்து. சத்தம் கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர், தோப்பு நடுவிலேயே நின்று மறுபக்கம் திரும்பிக்கொண்டு, “என்ன வேணும்? என்ன வேணும்?” என்று தென்னை மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

“வார்ப்ப உருட்டிட்டு வாலே!” என்றாள் மாமி. “கெணத்து வெள்ளம் கோரி நெற!”

சமையலுக்கும் குடிக்கவும் என்று காத்த கிணற்றுத் தண்ணீர், நேர்ச்சைச் சோறு வடிக்கிற வார்ப்பில் மீனுக்காக நிறைந்தது. சின்ன மீன்களையும், முட்டையிட்ட அந்த ஜோடியையும் அதில் விட்டேன். எல்லாம் மல்லாந்து கிடந்தன. அப்பா பானையில் அளைந்த மாதிரி நான் ஒரு வார்ப்பில் கை விட்டு அளைய ஆரம்பித்தேன். நாத்தூன் மற்றதில். கை கடுக்கிற வரை அளைந்தோம். கடுத்த பிறகும் அளைந்தோம். முதலில் தகப்பன் மீன் நிமிர்ந்தது. துடுப்பை அசைத்தது. கொஞ்ச நேரம் கழித்து மற்றதும் நிமிர்ந்து அதன் பக்கத்தில் போய் நின்றது.

“மைனி, உசிரு வந்துட்டு!” என்று நாத்தூன் குதித்ததில் பாதித் தண்ணீர் என் மேல்.

பெரிய மீனெல்லாம் கூடையில் இருந்தது. மார்ச் மாத வெக்கையில் விடியும்வரை தாங்காது. மாமி அப்போதே தீர்மானித்தாள்: புளிமுளம். புளியும் மிளகாயும் தூக்கலாய் வைத்து வற்றக் காய்ச்சினால், மறுநாள்தான் அது ருசி. தலை குளித்தவர்கள், பாதி குளித்தவர்கள் எல்லோரும் மீனைச் சாம்பலில் புரட்டிக் கல்லில் உரசி, உப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவினார்கள். சேற்று வாசமும் போக வேண்டும், புண்ணாக்கு வாசமும் போக வேண்டும்.

எல்லாம் அடுப்பேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வார்ப்பு விடியற்காலம் சோற்றுக்கு வேண்டும். இந்த மீனை எங்கே விடுவேன்? குளத்து நஞ்சு அடங்க வாரக்கணக்கில் ஆகும். பானையில் போட்டால் செத்துவிடும். மறுநாள் இலையில் மீன் விழும், சரி. அதற்கு அடுத்த நாள் குளத்தில் ஒரு மீனும் இருக்காது. வெறும் குளம். கதம்பைக்கு அதைவிட என்ன சௌகரியம் வேண்டும்? மாமி சொன்ன வாக்கில் அவளைப் பிடிக்க முடியும். ஆனால் என்னால் வாக்குப் பேசிப் பிடிக்க முடியுமா? நான் வார்ப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாமி ஈரத்தலையோடு வந்து நின்றாள். புண்ணாக்கு பாதிதான் போயிருந்தது. முடி சடை பிடித்து நின்றது. வார்ப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கெணத்துல விடு,” என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தக் கிணற்றில் வாளியை வேகமாக இறக்கினாலே திட்டுகிறவள். “குடிக்கிற வெள்ளமாச்சே மாமி.”

“குடிச்சா என்ன? மீனு குளிக்காத வெள்ளத்தயா கடல்க்கரையில நாம பாத்தோம்? விடுட்டி.”

விட்டோம். வாளி வாளியாக, மெல்ல இறக்கி.

மறுநாள் நேர்ச்சையில் முதல் பந்திக்கு முன்னால் மூன்று இலை போடுவது வழக்கம். வயதான ஒருவர் சூசையப்பருக்காக, ஒரு பெண் மாதாவுக்காக, ஒரு பிள்ளை பாலனுக்காக. அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள். அந்த வருடம் சூசையப்பராக உட்கார்ந்தவர் கடலில் தலை நரைத்த ஒரு தாத்தா. குளத்து மீன் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் மீனை முதலில் முகர்ந்தார். மாமி கதவுக்குப் பின்னால், நான் மாமிக்குப் பின்னால், அப்பா வீச்சுவலையை இன்னும் தோளில் போட்டபடி வேலிக்கு அந்தப் பக்கம். விடியற்காலம் மீன் பிடிக்க வந்தவருக்குப் பிடிக்க ஒன்றுமே மிச்சம் இல்லை.

தாத்தா ஒரு வாய் வைத்தார். மென்றார். பல் கிடையாது, அதனால் ரொம்ப நேரம் மென்றார்.

“சேத்து மணம் இல்லியே,” என்றார். “இன்னொரு துண்டு வை.”

நாத்தூன் என்னைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் வண்டி வந்தது. கதம்பை குன்றுபோலக் கட்டி, இரண்டு மாடும் மூச்சு வாங்கிக்கொண்டு. நான் கிணற்றடியில் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தேன். கயிறு கையில் நின்றுபோயிற்று. இனயத்துக் கூட்டம் ஊருக்குக் கிளம்பி முற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாமியைப் பார்த்தார். மாமி வண்டிக்காரனைப் பார்த்தாள்.

“எங்கம்மா எறக்க? கொளத்தாங்கரையிலதானே?”

மாமி இடுப்பில் கை வைத்தாள். “ஏலே, ஒனக்குக் கண்ணு பொட்டையா? மீனு கெடக்க கொளத்துல எவளாவது கதம்பை போடுவாளா?”

வண்டிக்காரன் குளத்தின் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தான். நுரை கட்டி, கலங்கி, ஒரு தவளைகூட இல்லாமல் கிடந்தது அது. “மீனா? எங்க மீனு?”

“அதெல்லாம் ஒனக்குக் காட்டணுமோ? ஓட்டுலே வண்டிய!”

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமியின் அக்காகூட மூட்டைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். வண்டி திரும்பிப் போகிற வரை மாமி வாசலில் நின்றாள். பிறகு என்னைக் கடந்து வீட்டுக்குள் போகும்போது, “வாளிய மெல்ல எறக்கு. தலையில பட்டுரப்பிடாது,” என்றாள்.

கோடை மழை இரண்டு பெய்து குளம் தெளிந்த பிறகு, ஒரு குடம் குளத்துத் தண்ணீரில் இரண்டு பொடிமீனை விட்டுப் பார்த்து, அவை மறுநாளும் நீந்தின பிறகுதான், கிணற்று மீனை வாளியில் தீனி காட்டிப் பிடித்துக் குளத்துக்குக் கொண்டுபோனோம். எல்லாம் வந்தன. அந்தத் தகப்பன் மீன் மட்டும் வாளிக்கு ஒரு நாளும் அகப்படவில்லை. அது கிணற்றிலேயே இருந்தது. அதன் ஜோடியை மட்டும் குளத்தில் வைத்திருப்பது நியாயமில்லை என்று மாமி சொல்லி, அதையும் திருப்பிக் கிணற்றில் விட்டோம்.

பரணிலிருந்த சாக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அடுத்த திருநாளுக்கு இனயத்துக் கூட்டம் வந்தபோது, மாமி தலைக்குத் தேய்க்க ஒரு சட்டி நிறைய செம்பருத்தித் தாளி அரைத்து வைத்துக்கொண்டு குளத்துக்குப் போகிற வழியை மறித்து நின்றாள். “கொளத்துல கால் வச்சா காலு இருக்காது,” என்று தன் அக்காவிடம் சொன்னாள். “அது எனக்க மருமவளுக்க கொளம்.”